ரோசாப்பூ போட்ட ஏழாவது படம்

பெப். 26, திங்கள்

விடியத் தூறல். அறுவடை நேரத்தில் இது என்ன மழை என்று பக்கத்து வீட்டு வயற்காரப் போடியார் வானத்தைப் பார்த்து ஏச்சு.

அதிபர் மேடம் கூப்பிட்டார். நோன்பு விடுமுறைக்கு முன் புது மண்டபம் திறக்க வேண்டுமாம். மார்ச் 8, பெண்கள் தினம். வாசல் சுவரில் ‘வரலாற்றில் பெண்கள்’ என்று ஏழு படம், ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து வரி. எழுதுவது நான். இந்தப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சரித்திரம் படிப்பிக்கிறவள், வேறு யார்.

பட்டியல்:
1. ரேடியம் கண்டுபிடித்தவர்
2. போர்க்களத்தில் விளக்கோடு நடந்த தாதி
3. விண்வெளிக்குப் போன முதல் பெண்
4. உலகின் முதல் பெண் பிரதமர் (நம் நாட்டவர், பெரிய எழுத்து)
5. பஸ்ஸில் இருக்கையை விட்டு எழும்ப மறுத்த கறுப்பினப் பெண்
6. வாப்பாவின் சொத்தில் மொரோக்கோவில் கலாசாலை கட்டியவர் (கட்டடத்தின் படம் போதும்)
7. சுலைஹா டீச்சர்

ஏழாவதை எழுதியதும் மனசுக்குச் சந்தோஷம். இந்த ஊரில் படித்து டீச்சராக வந்த முதல் பெண். பள்ளிக்கூடம் நிற்கும் காணியே அவருடையது. எனக்கு அ, ஆ எழுதக் காட்டியவர். மண்டபத்துக்கும் அவர் பெயரையே கேட்கப் போகிறேன்.

மீன் வாங்க மறந்துபோனேன். முட்டை ஆணம்.

பெப். 28, புதன்

வெயில். அசர் தொழுகைக்குப் பிறகு சுலைஹா டீச்சரிடம். மருமகளின் வீடு, பின் அறை. எண்பத்துநாலு வயது, எழும்பி நடப்பதில்லை. காது மட்டும் துல்லியம்.

இந்த ஊரில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து ஏறுகிறவர். டீச்சருக்கு ஒரே மகன், நிஸாம். பெண் பிள்ளை இல்லாததால் தன் சீதன வளவைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக்கொடுத்தார். அதனால்தான் இன்றைக்கு மருமகள் வீட்டுப் பின் அறை. இதை அவர் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

“படம் கேட்டா வந்தீங்க? படம் வேணாம் மகள். நிஸாமுக்குப் புடிக்காது. எனக்கும் ஆசயில்ல. பேர மட்டும் போடுங்க.”

“மண்டபத்துக்கே உங்கட பேரத்தான் கேக்கப் போறன் டீச்சர்.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். பிறகு, “நான் இதுவரைக்கும் ஆருக்கிட்டயும் ஒண்டும் கேட்டதில்ல. இத மட்டும் கேக்கிறன். பேரு இரிக்கட்டும்.”

அலுமாரியில் சேலைக்கு அடியிலிருந்து காணி உறுதியை, அவர் பெயரில் உள்ள பத்திரத்தை, எடுக்கச் சொன்னார். “வெச்சிக்கங்க. நம்ப மாட்டாங்க.”

நான் சிரித்தேன். இதில் நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மடச்சி.

மார்ச் 1, வெள்ளி

ஜும்ஆ நாள், பள்ளிக்கூடம் பதினொன்றரைக்கு விட்டது. உடனே கூட்டம். அதிபர், நிஸாம், நான், இன்னும் நாலைந்து பேர். மண்டபத்தைக் கட்டித் தருவது நிஸாம். பொறியியலாளர்.

பெயர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ‘உதுமாலெப்பை ஹாஜியார் மண்டபம்’. அவருடைய வாப்பா.

காணி டீச்சருடையது என்றேன். உறுதியை மேசையில் வைத்தேன். ஒருவரும் விரிக்கவில்லை.

நிஸாம்: “டீச்சர், உறுதி ஒரு பக்கம் இரிக்கட்டும். வாப்பாதான் குடுத்த எண்டு ஊருக்கே தெரியும்.”

“வந்து ஏறின மாப்பிள்ளைக்கு ஏது காணி? ஊர் வழமை உங்களுக்குத் தெரியாதா?”

அவர் முகம் கறுத்தது. அப்போது அதிபர் ஒரு பழைய மலரைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தின் வெள்ளி விழா மலர். பக்கம் 11. சத்தமாக வாசித்தார்: “‘கொடைவள்ளல் உதுமாலெப்பை ஹாஜியார் அவர்கள் மனமுவந்து அன்பளிப்புச் செய்த காணியில் இக்கலைக்கூடம் எழுந்தது.’ எழுதினது நீங்கதானே?”

ஓம். நான்தான்.

அப்போது வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட இல்லை. ஹாஜியார் முன் வரிசையில் இருப்பார், அவர் மனம் குளிரட்டும் என்று எழுதினேன். ஒருவரும் எழுதச் சொல்லவில்லை. மரியாதை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அச்சுக்குப் போகுமுன் டீச்சரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, “இதுவா நீ படிச்ச சரித்திரம்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். திருத்தவில்லை.

உறுதியைத் திருப்பி எடுத்து வந்தேன். என் மேலேயே கோபம். நிஸாமைக் குறை சொல்லக்கூட வாய் இல்லை.

மார்ச் 4, திங்கள்

படங்கள் வந்துவிட்டன. ஆறு பெண்களில் ஐந்து பேருக்கு முகம். தலை திறந்தபடி, சிரித்தபடி. அவர்கள் ஊர்க்காரிகள் இல்லையே, பாதகமில்லை.

ஏழாவதில் முகத்துக்குப் பதில் சிவப்பு ரோசாப்பூ. கீழே: ‘உதுமாலெப்பை ஹாஜியாரின் துணைவியார். இப்பகுதியின் முதல் ஆசிரியை.’ நான் கொடுத்த ஐந்து வரியில் மிச்சம் இதுதான். பெயர் எங்கே என்றேன்.

அதிபர்: “ஹாஜியார்ர பொஞ்சாதி எண்டாத்தான் ஊருக்கு வெளங்கும். பேரப் போட்டா ஆரு எண்டு கேப்பாங்க. சும்மா இரிங்க டீச்சர்.”

“கேக்கட்டுமே. கேட்டாச் சொல்லலாம்தானே?”

 அதிபரும் சுலைஹா டீச்சரிடம் படித்தவர்தான்.

9 பீ வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, “டீச்சர், இந்தப் பூக்காரி ஆரு?” என்றாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சொன்னேன். எழுதிக்கொள்ளச் சொன்னேன். மூன்று பேர் எழுதினார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

டீச்சரிடம் போகவில்லை. தலையிடி என்று வீட்டில் சொன்னேன். பொய். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சலவைத் தூள், தேசிக்காய், மகளின் சப்பாத்து.

மார்ச் 6, புதன்

போனேன். டீச்சர் கேட்டார், “போட்டாங்களா?”

“ஓம் டீச்சர்.”

“முழுப் பேரா?”

“முழுப் பேர்தான்.”

கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தடவையும் இவரைப் பற்றிப் பொய். முதலாவது அச்சில், இது வாயால்.

மார்ச் 7, வியாழன்

சுபஹ் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கி. “ஜனாஸா அறிவித்தல். மர்ஹூம் உதுமாலெப்பை ஹாஜியாரின் மனைவியும், பொறியியலாளர் நிஸாம் அவர்களின் தாயாருமானவர் வபாத்தானார்கள்.” மூன்று தடவை. மூன்று தடவையும் அவ்வளவுதான்.

போய் முகம் பார்த்தேன்.  அசருக்குப் பிறகு அடக்கம். திறப்பு விழா தள்ளிப்போகாதாம், துஆவோடு தொடங்குவார்களாம்.

மார்ச் 8, வெள்ளி

காற்று. விழாவுக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு நிஸாமின் போன். பின்னால் மைக் சத்தம்.

“டீச்சர், மவுத்துப் பதிய கிராம சேவகர் முழுப் பேரு கேக்கிறாரு. உம்மாட ஐடியத் தேடினம், காணல்ல. அவங்கட வாப்பாட பேரோட உறுதியில இரிக்கும்தானே? அது உங்களிட்டத்தானே இரிக்கி?”

உறுதியை விரித்தேன். வாசித்தேன். ஆதம்பாவா சுலைஹா உம்மா.

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எழுதிறன்.”