மூன்று நிமிடம், மொழிபெயர்த்தால் ஆறு

பிப்ரவரி 11, செவ்வாய்

மானஸா வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். இங்கிலீஷில் இருந்தால் நான் திறக்கவே மாட்டேன் என்று தெரிந்து, பின்னாலேயே வீட்டுக்கு வந்து விளக்கியும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மாநிலத்தில் சிவில் உரிமைக்கென்று ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறதாம். சம்பளமில்லாமல் பத்துப் பதினைந்து பேர். இங்கிலீஷ் தெரியாதவர்களை ஆஸ்பத்திரிகளில் எப்படி நடத்துகிறார்கள் என்று இப்போது விசாரிக்கிறார்கள். 20ஆம் தேதி ஜூமில் கூட்டம். யார் வேண்டுமானாலும் வரலாம். கை தூக்கினால் மூன்று நிமிடம் பேசலாம்.

"சிட்டிசன் மட்டும்தானே?"

"க்ரீன் கார்டுக்கு வரிசைல நிக்கற நீங்களும்தான்க்கா."

அப்படியென்றால் என்னிடம் கதை இருக்கிறதே! போன மாதம் கழுத்தில் ஒரு கட்டி. இவர் டாலஸில், கிளையன்ட் ஆபீஸில். நானும் மகள் கயலும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் முகத்தைப் பார்த்ததும் நர்ஸ் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு போனை நீட்டினாள். காதில் வைத்தால் யாரோ ஒரு அம்மா ஹிந்தியில் பொழிகிறாள். எனக்குத் தெரிந்த ஹிந்தி "நஹி" ஒன்றுதான். நாலு தடவை சொன்னேன். அந்த அம்மா கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். தமிழுக்கு ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்புறம் எல்லோரும் கயலைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வயசு, பல்லில் கம்பி. உன் இங்கிலீஷ் எவ்வளவு அழகாக இருக்கிறது, நீயே அம்மாவுக்குச் சொல்லிவிடு என்று டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

"இன்னொரு டெஸ்ட் இருக்காம் மா. ஊசி டெஸ்ட். தட்ஸ் ஆல்" என்றாள். நாலு நாள் நிம்மதியாக இருந்தேன். அடுத்த செவ்வாய் இவர் வந்து, ஊசி போடும் இடத்தில் டாக்டரிடம் கேட்டுத்தான் சொன்னார், கேன்சரா என்று பார்க்கத்தான் இது என்று. மூன்று நாள் கழித்து ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. அந்த மூன்று நாளை எழுத மாட்டேன்.

கோபியில் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவள் நான். மூன்று நிமிடம் எந்த மூலைக்கு?

இவரிடம் சொன்னேன். "பேசு, பேசு. ஆனா இங்கிலீஷ்ல பேசணுமே புஷ்பா" என்றார்.

அதை யோசிக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

விஷயம் தமிழ்ச் சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கன் அங்கிள் காதுக்குப் போய்விட்டது. குரூப்பில் போஸ்டர் வந்திருக்கிறது. நடுவில் அவர் படம், சுற்றிலும் ரோஜாப்பூ. "அனைவரும் குடும்பத்துடன் திரளாக வருக." கல்யாண ரிசப்ஷன் என்று நினைத்தாரோ என்னவோ. நம் சமூகத்தின் சார்பில் அவரே கருத்துரை வழங்குவாராம்.

கழுத்து என்னுடையது. கருத்துரை அவருடையது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இவர் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் பாராவை தோசை ஊற்றிக்கொண்டே மனப்பாடம் பண்ணினேன். ஆறு தோசை கருகியது. பாரா வந்துவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

அட கெரகமே.

கூட்டத்தில் நாற்பத்தி இரண்டு பேர். அதில் முப்பத்தி ஒரு பேர் நம் ஆட்கள். குழுத் தலைவி வெள்ளைக்கார அம்மா, இவ்வளவு கூட்டம் இதுவரை வந்ததே இல்லை என்று கண் கலங்காத குறையாகச் சந்தோஷப்பட்டாள். யாரோ மியூட் பண்ணாமல் குக்கரில் நாலு விசில் விட்டார்கள். "ஏங்க, கேமராவ ஆஃப் பண்ணுங்க, லுங்கி தெரியுது" என்று இன்னொரு குரல். இதெல்லாம் அரசாங்கப் பதிவில் ஏறுகிறது!

கஸ்தூரிரங்கன் அங்கிள் முதல் ஆள். கோட்டு, டை, பின்னால் சங்கத்தின் பேனர். மாண்புமிகு தலைவி அவர்களே, மாண்புமிகு துணைத்தலைவர் அவர்களே என்பதை இங்கிலீஷில் ஆரம்பித்தார். உறுப்பினர்கள் பதினோரு பேரையும் பேர் சொல்லி அழைத்தார். இந்த நல்வாய்ப்பை நல்கிய நல்லுள்ளங்களுக்கு நன்றி. பெருந்திரளாக வந்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றி. குத்துவிளக்கு ஏற்றாதது ஒன்றுதான் பாக்கி. "நௌ, கமிங் டு த சப்ஜெக்ட்" என்றார். டிங் என்று மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. மியூட்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்போது பார்த்து என் பேரைக் கூப்பிட்டார்கள்.

"ஹலோ. மை நேம் இஸ் புஷ்பவல்லி. ஐ லிவ் இன் பிஸ்கட்டவே."

அவ்வளவுதான். மிச்சம் எங்கே போனது? ஒரு பாரா முழுக்க மனசில் இருந்ததே. ஸ்க்ரீனில் நாற்பத்தி இரண்டு சதுரம், எல்லாம் என்னையே பார்க்கிறது. நான் சிரித்தேன். தலையை ஆட்டினேன். "தேங்க் யூ" என்றேன். தலைவி அம்மா பொறுமையாகக் காத்திருந்தாள். நான் இன்னும் ஒரு தடவை சிரித்தேன்.

சோபாவில் இருந்த கயல் ஓடி வந்து, "ஐ கேன் டாக் ஃபார் ஹர்" என்றாள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் மறுபடியும் அவளா! கை தன்னாலே போய் லேப்டாப்பை மூடிவிட்டது. பாத்ரூமில் போய் அழுதேன். என்ற வாய்க்கு என்ன கேடு?

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்று நான் மூடிய பிறகு தலைவி அம்மா ஒன்று சொன்னாளாம், மானஸா கேட்டிருக்கிறாள். அடுத்த கூட்டம் மார்ச் 27. பத்து வேலை நாள் முன்னால் எழுதிக் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வைப்பார்கள். மொழிபெயர்ப்போடு பேசுபவர்களுக்கு மூன்று நிமிடம் கிடையாது, ஆறு.

எனக்கு வேண்டாம். இவரே போய்ப் பேசட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இவர் பேசுவதற்காக என் ஆஸ்பத்திரி ரெக்கார்டை ஆன்லைனில் திறந்தார். முதல் நாள் டாக்டர் எழுதிய குறிப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "கட்டி கேன்சராக இருக்க வாய்ப்பு உண்டு என்பது நோயாளிக்கு மகள் மூலம் விளக்கப்பட்டது. நோயாளி புரிந்துகொண்டார்."

தேதியைப் பார்க்கச் சொன்னேன்.

முதல் நாளே. மகள் மூலம்.

கயல் மாடியில் ஹோம்வொர்க் பண்ணிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபமாகத்தான் போனேன், பொய் சொல்லாதே என்று வளர்த்த பிள்ளை. "டாக்டர் அன்னிக்கு கேன்சர்னு சொன்னாரா?"

பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யெஸ்."

"அந்த வார்த்தை உனக்குத் தமிழ்ல தெரியலையா கண்ணு?"

"தெரியும்."

"அப்பறம் ஏண்டி சொல்லலை?"

"யூ வேர் ஸ்மைலிங், மா."

நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். ஆமாம். இங்கிலீஷ் காதில் விழுந்தால் நான் சிரிப்பேன், தலையாட்டுவேன். மரியாதையாகத் தெரியட்டும் என்று. டாக்டர் அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறார். என்ற புள்ள அதைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையை விழுங்கியிருக்கிறாள். நாலு நாள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள், நான் அவளை ஐபேடைக் கீழே வை என்று திட்டியிருக்கிறேன்.

கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. நான்தான்.

கீழே வந்து, "ஏனுங்க, நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன்" என்றேன். இவர் ஏன் என்று கேட்கவே இல்லை, உடனே குழுவுக்கு மெயில் டைப் பண்ண உட்கார்ந்தார். மொழி என்ற இடத்தில் தமிழ். அதற்குப் பக்கத்தில் "ஹிந்தி அல்ல" என்று நானே சொல்லி எழுத வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

தமிழில்தானே, கேட்க வேண்டுமா! ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதிவிட்டேன். கயல் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சான்றோர் நிறைந்த இந்த அவைக்கு என் முதற்கண் வணக்கம். எங்கோ கொங்கு மண்ணில் பிறந்து, ஏழு கடல் தாண்டி வந்த இந்த எளியவளையும்..."

"அம்மா. டூ மினிட்ஸ்."

"அதுக்குள்ளயா?"

"யூ ஆர் ஸ்டில் இன் த ஓஷன்."

கஸ்தூரிரங்கன் அங்கிளைப் பார்த்து அன்றைக்கு அப்படிச் சிரித்தேனே. எனக்குள்ளும் ஒரு கஸ்தூரிரங்கன் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிவப்புப் பேனாவை அவளிடமே கொடுத்தேன். வணக்கம், கடல், கொங்கு மண் எல்லாவற்றையும் அடித்தாள். சித்த நேரம் பார்க்கவே மனசு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

குழுவிலிருந்து பதில். தமிழ் மொழிபெயர்ப்பாளர் உறுதி. மெயிலை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

மார்ச் 27, வியாழன்

பேசிவிட்டேன்!

மொழிபெயர்ப்பாளர் நஞ்சுண்டன் என்று ஒருவர். "பதட்டப்படாதீங்க, ரெண்டு வரி சொல்லிட்டு நிறுத்துங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார். குரலைக் கேட்டால் சத்தியமங்கலம் பக்கம். ஊர் எது என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். கயலை மாடிக்கு அனுப்பியிருந்தேன்.

வணக்கம் கூடச் சொல்லவில்லை. "என் மகளுக்குப் பன்னிரண்டு வயசு" என்று ஆரம்பித்தேன். ஹிந்தி போன், நஹி, டாக்டர், ஊசி எல்லாம் சொன்னேன். நஹியில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குத் தெம்பு வந்தது. அப்புறம் அந்தக் குறிப்பைச் சொன்னேன். நோயாளி புரிந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறார்கள், நோயாளிக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்தது குழந்தைக்குத்தான் என்றேன். நஞ்சுண்டன் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: உங்களுக்கு என்ன வேண்டும்?

அதற்கு நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு என்ற புள்ள என்கூட வரட்டுங்க. என்ற பக்கத்துல உக்காரட்டும். எனக்கும் டாக்டருக்கும் நடுவுல உக்கார வேண்டாம்."

மணி அடிக்கவே இல்லை. இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்ததாம். இவர் இதை நம்பவே மாட்டேன் என்கிறார், கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் நான் நேரம் மிச்சம் பிடித்தது இதுதான் முதல் தடவையாம்.

கடைசியில் ஸ்க்ரீனில் இருந்த பேர்களைப் பார்த்தேன். "கயல்ஸ் ஐபேட்." அனுப்பினால் மட்டும் போய்விடுவாளா!

மார்ச் 28, வெள்ளி

மானஸா சொன்னாள்: இந்தக் குழு ஆலோசனைதான் சொல்லும். அறிக்கை வர ஒரு வருஷம் ஆகலாம். அதைக் கேட்டு ஆஸ்பத்திரிகள் மாறவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா இவள்? சொல்லியிருந்தாலும் பேசியிருப்பேன். ஆனால் நேற்று கூடுதலாக ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கஸ்தூரிரங்கன் அங்கிள் போன். சங்கத்தின் சித்திரை மலரில் என் பேச்சைப் போட வேண்டுமாம். "அம்மா, ஒரு வணக்கம் கூட இல்லாம மொட்டையா இருக்கே, நான் ரெண்டு வரி சேர்த்துக்கட்டுமா?" அவர் குரலில் அவ்வளவு ஆசை. சேர்த்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்றேன். கயல் அடித்த அந்த ஏழு கடலையும் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆறு மாத செக்கப். இவருக்கு ஆபீஸ், நானே டிரைவ் பண்ணினேன். கயலுக்கு லீவு, கூட வந்தாள்.

நர்ஸ் புதுசு. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கயலைப் பார்த்துச் சிரித்தாள். "ஸ்வீட்டி, கேன் யூ டெல் மாம்..." என்று ஆரம்பித்தாள். கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தமிழ் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்" என்றேன். "ஐ வில் வெயிட்."

நாற்பது நிமிடம் ஆகும் என்றாள். காத்திருந்தோம். முதலில் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று கயலை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஸ்க்ரீனில் ஒரு பெண், "சொல்லுங்கம்மா" என்றாள். டாக்டர் பேசினார். நான் சிரிக்கவில்லை. புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டேன்.

கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்றுமிருக்காது என்கிறார். ஆனாலும் இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார்த்துவிட வேண்டுமாம். அடுத்த செவ்வாய்.

வெளியே வந்தேன். கயல் எழுந்து நின்றாள். "என்னம்மா சொன்னாங்க?"

அவளைக் கண்டதும் முகம் தன்னாலே சிரிப்புக்குத் தயாராகிவிட்டது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒரு சின்ன டெஸ்ட்" என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபம் அது. அன்றைக்கு அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

உட்கார வைத்து முழுசாகச் சொன்னேன். வளர்ந்திருக்கிறது, மறுபடி ஊசி, எதற்காக ஊசி என்று, அந்த வார்த்தையையும் சேர்த்து.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கா?" என்று தமிழில் கேட்டாள்.

"இருக்கு."

"எனக்கும்."

அப்புறம் இரண்டு பேருக்கும் பசித்தது. ஓக் ட்ரீ ரோடு போய் ஆளுக்கு ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.