உலவுவதுதான் உலகம்

தென்காசி
18-6-1961

அன்பு மகள் உலகம்மைக்கு,

இங்கு நலம். கடையில் வியாபாரம் சுமார்.

நேற்று கோயில் மண்டபத்தில் ஒரு தமிழ் வாத்தியார் பேசினார். அண்டம், பிரபஞ்சம் எல்லாம் வடசொல்லாம். உலகம் என்பது நம் சொல். 'உலவு' என்பதிலிருந்து வந்தது, ஓரிடத்தில் நில்லாமல் உலவுவதால் அந்தப் பெயர் என்றார். சாப்பிடும்போது அதை உன் அம்மாவிடம் சொன்னேன். உன் சிநேகிதி ஜெபமலரின் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ சொல்லாமல் நாகர்கோவிலுக்குப் போன பிறகு, உன் பெயரில் இருக்கும் அந்தச் சொல்லே இந்த வீட்டில் கேட்டதில்லை.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப எல்லாம் உங்களாலதான். உலவுத பேரா பாத்து வச்சுட்டு, அவளை வீட்டுலயே இருன்னா எப்படி இருப்பா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இன்று காலை அவளாகவே வந்து சொன்னாள்: "குத்தாலத்துல சாரல் விழுதாம். உங்க மக குளிக்க வந்தா மாத்துச்சேலை பெட்டியில கெடக்கு. மாப்பிள்ளைக்குத்தான் ஒரு வேட்டி எடுத்துட்டு வாங்க."

வேட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா