நெருங்கிய வட்டாரம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

படப்பிடிப்பில் எங்கள் போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் பத்திரிகையின் இந்தி சினிமா பக்கத்தைப் பார்த்தேன். நான் தலை வாரிவிடும் நாயகி உனக்குப் பேட்டி கொடுத்தாளாமே! நான்கு இடத்தில் '(சிரிக்கிறார்)' வேறு. பேட்டி எடுத்ததாக நீ போட்டிருக்கும் நாள் முழுக்க அவளுக்குப் பல்வலி, வாயே திறக்கவில்லை. கூசாமல் எழுதுகிறாய். படம் பாதிகூட எடுக்கவில்லை, அதற்குள் விமர்சனமும் எழுதி வைத்திருப்பாய்.

அவள் பாவம்டா. உனக்கு மட்டும் சொல்கிறேன். தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாக முடி கொட்டிவிட்டது. கதவைத் தாழிட்டுக்கொண்டு நான்தான் விக் ஒட்டிவிடுகிறேன். அவளுடைய டிரைவர் அண்ணனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. உன் மனசோடு வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு வலி பரவாயில்லை. நீ போன் செய்வதில்லை என்றுதான் குறை.

சிரிக்காத பேட்டியை எங்கள் ஆசிரியர் தொடமாட்டார். இந்த மாதம் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்தது நான்தான் என்று ஆபீஸில் பேச்சு. பெரிய செய்தியாக ஒன்று சிக்கினால் தப்பித்துவிடுவேன்.

உன் தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

'நாயகிக்கு வழுக்கையா? நெருங்கிய வட்டாரம் தந்த அதிர்ச்சித் தகவல்.' உள்ளங்கை அகலம் என்று நான் எழுதியதைக்கூட அப்படியே போட்டிருக்கிறாய்.

மறுநாளே வாசல் முழுக்க கேமரா. ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுக்கவே கை நீட்டினான். அவள் டிரைவர் அண்ணனைச் சந்தேகப்பட்டாள். பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டியவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். நான் கையில் சீப்பை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். உன்னைக் காப்பாற்ற நின்றேனா, என் வேலையைக் காப்பாற்றவா, தெரியவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு நாள் அப்படியே அவளுக்கு விக் ஒட்டினேன். நேற்று அவளிடம், "நான்தான் மேடம், என் தம்பிக்கு எழுதிட்டேன்" என்று சொன்னேன். அவள் திட்டவில்லை. விக்கைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தாள். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

டிரைவர் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டாள். நான் பெட்டி கட்டுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தப்புதான். காலில் விழுகிறேன், மன்னித்துவிடு. ஆனால் என் வேலை நிலைத்துவிட்டது. அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி.

இன்னொன்று, கோபப்படாதே. அவளுக்குத் தலை வாரியவர் வேலையை விட்டது ஆசிரியர் காதுக்கு எட்டிவிட்டது. உன் பேட்டி வேண்டுமாம். அவரே தயாரித்த ஐந்து கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கும் இப்போது வேலை இல்லை. நாலு பேருக்கு உன் முகம் தெரிந்தால் நல்லதுதானே?

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

முதல் நான்கு கேள்விகளுக்கும் என்னிடம் பதில் கிடையாது.

ஐந்தாவது: 'உங்கள் நாயகியின் ரகசியத்தை வெளியே விட்ட துரோகி யார் என்று நினைக்கிறீர்கள்?'

என் தம்பி.

ஒரு எழுத்து மாற்றாமல், உன் பெயரோடு போடச் சொல். அது அச்சில் வரும்வரை எனக்கு எழுதாதே.

அக்கா