லாரியை நிறுத்தியது கர்த்தர் இல்லை

கிரேன் ஓட்டும் வேலை போனதிலிருந்து வால்டர் நம்பிக்கைப் பிரசங்க வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். போன வாரம் கன்டெய்னர் லாரி நெரிசலைக் கண்டதும் இன்டர்வியூவுக்குப் போகாமலே வீடு திரும்பினான். இன்று மறுபடி இன்டர்வியூ. வேலைக்குக் கிளம்பிய மனைவி ஜூடி சீட்டு எழுதினாள்:

"யோவ் நம்பிக்கை நட்சத்திரமே! நாஷ்டா மூடி வெச்சிகீறேன். பஸ்ல போ. லாரி மறிச்சிகினு நின்னா 'கர்த்தர் சித்தம்'னு வூட்டுக்கு வராத. லாரிய அவரு நிறுத்தல. விம்கோ நகர் மெட்ரோவப் புடி. நம்பிக்கைன்னா இன்னொரு வழி தேடுறதுய்யா, சோபால சாஞ்சிகினு கெடக்குறது இல்ல."

கதவு வரை போனவள் திரும்பிவந்து ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"நேத்து திட்டுனத வாபஸ் வாங்கல. ஆனா மெட்ரோவும் ஊத்திகினா போன் பண்ணு. வேலைல பர்மிஷன் கேட்டு வெச்சிகீறேன். ஸ்கூட்டில வந்து இட்டுகினு போறேன்."