திண்டுக்கல்லில் தெரிந்த வளையம்

பீரோவில் மாத்திரைச் சீட்டைத் தேடினால் அந்த அட்டைக் கண்ணாடி கையில் வருகிறது. 2019 கிரகணத்துக்காக நாம் தி. நகர் போய் ஆளுக்கொன்று வாங்கியது. போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். ஒன்றுமே தெரியவில்லை. என் முகத்துக்கு அதுவே மரியாதை.

அந்த டிசம்பரில் உன் சாந்தோம் வீட்டு மேஜையில் தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து, பென்சிலால் பட்டையாக ஒரு கோடு போட்டாய். கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை. “இதுக்குள்ள நின்னா நெருப்பு வளையம் மச்சி. மெட்ராஸ்ல நின்னா கடிச்ச பிஸ்கட்டுதான்.” உடனே இருவருக்கும் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் போட்டேன். கிரகணமோ கிறிஸ்மஸுக்கு மறுநாள். கிளம்புவதற்கு முன்னால் நீ போன் செய்தாய். “வீடு பூரா விருந்தாளிங்கடா, நான் நகர முடியாது. அங்க மேகமாம் வேற. பேசாம கேன்சல் பண்ணிடு.”

பண்ணினேன். நீ இல்லாமல் எனக்கு மட்டும் வளையம் எதற்கு என்று நினைத்தேன். சிரிக்காதே.

அன்று காலை மந்தைவெளி மொட்டை மாடியில் வெறும் வயிற்றோடு நின்றேன். கிரகணம் விடும்வரை காபிகூடக் கிடையாது என்று தயிரில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, என் மனைவி அடுப்படியைப் பூட்டாத குறை. ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் பிறையாக இளைத்தது. வெயில் வெளிறிப்போனது. அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனை தடவை உன்னிடமே அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் பிறையை இன்னும் கொஞ்சம் மெலியவைத்து. நீயும் முகம் மாறாமல் கேட்டாய். “அவ்ளோ மெல்லிசாவாடா?”

போன மாதம் நீ இறந்த முப்பதாம் நாள் பூசை சர்ச்சில் முடிந்து, வீட்டில் டீ கொடுத்தபோது உன் மனைவி சொன்னார்:

“திண்டுக்கல்ல அந்த வளையத்தப் பாத்து அழுதுட்டார்ண்ணா. அவர் அழுது நான் பாத்ததேயில்ல.”

“திண்டுக்கல்லயா?”

“கிரகணத்துக்கு. கார்ல போனோமே, உங்களுக்குத் தெரியாதா?” அவர் முகம் மாறிவிட்டது.

“ஏம்மா என்கிட்ட மறைச்சான்?”

“நீங்க வந்தா பேசிக்கிட்டே இருப்பீங்களாம். இருக்கறதே மூணு நிமிஷம், அதுல யார் குரலும் கேக்கக் கூடாதுன்னார்.”

சமாளிக்க ஏதோ ஜோக் அடித்தேன். எது என்று நினைவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

சொல்லியிருந்தால் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்திருப்பேனேடா. இத்தனை வருஷம் இந்த வாய்க்காகத்தான் நீ என்னோடு சுற்றுகிறாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது சண்டை போடலாம் என்றால், கல்லறையில் படுத்துக்கொண்டு பதிலே சொல்ல மாட்டேன் என்கிறாய்.

2031 மே மாதம் மதுரைப் பக்கம் இன்னொரு வளையம் வருகிறது. மெட்ராஸுக்கு அந்தத் தடவையும் கிடையாது. நான் போகப்போகிறேன், தனியாக. அதற்காகத் தினம் சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் மூன்று நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்று பழகுகிறேன். பாதியிலேயே உன்னைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறேன், சத்தமாக. சுண்டல் விற்பவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்.