எழுந்திருக்கக் கூடாத நாற்காலி

வியாழன், 18-2

காலையிலேயே வெயில். வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் ஒன்பதாம் நாள். சட்டைகளை வாங்கும் எங்கள் நிறுவனம் ஈப்போவிலிருந்து என்னை அனுப்பியபோது சொன்ன பணி: சிறுவர் சட்டைகளைச் சோதித்தல், சரியானவற்றுக்கு மட்டும் கையொப்பம், மலேசிய அலுவலகத்துக்கு ஃபேக்ஸ். வேறெதிலும் தலையிடக் கூடாது.

இன்று கண்ட குறைகள்: கழுத்துப்பட்டி கோணல், 11. எண்ணெய்க் கறை, 4. பொத்தானில் குறையில்லை.

பேச்செல்லாம் சனிக்கிழமை கிரிக்கெட் மேட்ச். எனக்குத் தெரிந்தவை கால்பந்தும் பூப்பந்தும். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று பள்ளியில் படித்ததைச் சொன்னேன். செக்கிங் பிரிவுப் பொறுப்பாளர் சரோஜா சிரித்துவிட்டார்.

"அது பொஸ்தகத்துலீங்க சார். அடிச்சா ரன்னு, குச்சி உழுந்தா அவுட்டு. கிரிக்கெட்டு இவ்வளவுதானுங்க."

இவ்வளவுதான் என்று நம்ப முடியவில்லை. சென்ற ஞாயிறு இந்தியா தோற்றபோது, விடுதிக்கு எதிர் டீக்கடையில் ஒருவர் டி.வி.யின் மீது கண்ணாடித் தம்ளரை வீசினார். தினமும் "வாங்க சார், சாப்பிட்டீங்களா" என்று கேட்பவர். அறைக்குள் போய்த் தாழிட்டேன். தாழை இருமுறை சரிபார்த்தேன்.

முதலாளி துரைசாமி: "டி.வி.ய உள்ளயே வெச்சரலாங்க சார். இல்லாட்டி ஒருத்தனும் வேலைக்கு வர மாட்டான்."

சனி, 20-2, மாலை

நடந்ததை வரிசைப்படி எழுதி வைக்கிறேன்.

உணவு இடைவேளைக்குப் பின் வேலை இல்லை. டி.வி.க்கு முன் நாற்பது பேர், முதலாளி உட்பட. டி.வி.க்குப் பின்னால், எல்லோர் கண்ணுக்கும் நேராக, அயர்ன் மேசை. எனக்கு ஒரு நாற்காலி. தண்ணீர் குடிக்க எழுந்தேன். அந்தப் பந்திலேயே இந்திய ஆட்டக்காரர் அவுட்.

"சாரு எந்திரிச்சாருங்க, அதான்!" பின்னாலிருந்து ஒரு குரல்.

சரோஜா: "இனி செயிக்கற வரைக்கும் அந்தச் சேரை உட்டு எந்திரிக்காதீங்க சார். ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கோங்க."

சிரித்தார்கள். சிரித்து முடித்த பின்னும் சிலர் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விதி இது: ரன் வரும்போது யார் எப்படி இருந்தாரோ, அப்படியே இருக்க வேண்டும். ஒருவர் ஒற்றைக் காலில். அயர்ன் செய்யும் காதர் பாய் ஸ்கோர் கேட்க வந்து டி.வி. ஓரமாக, எங்களைப் பார்த்து நின்றார். அந்நேரம் ஒரு சிக்ஸர்.

"பாய், அசையாதீங்க!"

"அயர்ன் பொட்டிய நிமுத்தி வெக்கல கண்ணு. வெச்சுட்டு வந்தர்றேன்."

"ஒரு ஓவருங்க பாய், ஒரே ஒரு ஓவர்!"

நின்றார். படமும் தெரியாத இடம். அயர்ன் மேசைக்கு முதுகு.

புகையைப் பார்த்தேன். நூல்போல. எழ வேண்டும் என்று தெரியும். குரல் கொடுக்கவாவது வேண்டும். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தேன், முடியவில்லை. ஓவருக்கு ஆறு பந்து. முடியட்டும் என்று எண்ணினேன். ஆறும் முடிந்தன. பாயை நகர விடவில்லை. அடுத்த ஓவரிலும் இரண்டு.

பிறகு பாய்க்கு வாடை தட்டியது. திரும்பினார். தீ. எரியும் சட்டைக்கட்டைக் கையாலேயே இழுத்துத் தரையில் போட்டார். மணல் வாளி. அணைந்தது. அதே பந்தில் இன்னொரு அவுட். பின்னர் தோல்வி.

கருகியவை 60 சட்டைகள். பாயின் வலது உள்ளங்கை முழுவதும் கொப்புளம்.

படியிறங்கும்போது காதில் விழுந்தது: "தீ கெடக்குது உடு. பாய் நகுந்ததுலதான் மேட்சே போச்சு."

ஞாயிறு, 21-2

வானம் மூட்டம். முதலாளி விடுதிக்கே வந்தார். "பாய் கவனமில்லாம உட்டுட்டாருன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க சார். நீங்க வெளியாளு, மலேசியாவுல உங்க வார்த்தைய ஒத்துக்குவாங்க. பாய வேலைய உட்டு நிறுத்திப் போடலாங்க."

ஒரு மணி நேரம் கழித்துக் காதர் பாய். கையில் கட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எழுதறதத் தடுக்க வரலீங்க சார். பெருமாநல்லூர்ல ஒரு கம்பெனில வேலை கேட்டிருக்கேன். தீ வெச்சவன்னு பேரு போச்சுன்னா எவனும் பொட்டியக் கையில குடுக்க மாட்டான். எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

வாசல்வரை போய்த் திரும்பினார். "நீங்க நேரா உக்காந்திருந்தீங்களே. பொகை தெரியலீங்களா?"

"இல்லை" என்றேன்.

"அதானே. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பீங்க."



திங்கள், 22-2

அறிக்கை, ஒரு பக்கம். "புகையை நான் கண்டேன். எட்டுப் பந்துகள் வரை எழவுமில்லை, சொல்லவுமில்லை. பெட்டியை நிமிர்த்தி வைக்கக் காதர் பாய் கேட்டார், தடுக்கப்பட்டார்." என்னைத் திருப்பி அழைத்துவிடுவார்கள். ஐம்பது வயதில் வேறு வேலை யார் தருவார்? கையொப்பமிட்டேன்.

முதலாளி செக்கிங் மேசை அருகே நின்று படித்தார். கோபப்படவில்லை. அதுதான் அச்சமூட்டியது.

"இதென்னங்க சார், நீங்க மட்டும் பாத்தாப்புல எழுதியிருக்கீங்க? நானுந்தானுங்க பாத்தேன். ஏம்மா சரோஜா, நீ பாக்கல?"

சரோஜா தலை நிமிராமல் துணியைப் புரட்டினார். "அல்லாருந்தானுங்க பாத்தோம். ஓவர் முடியட்டும்னு இருந்தோமுங்க."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பார்க்காதவர் பாய் ஒருவர்தான். அவரை நாங்கள்தான் அப்படி நிற்க வைத்தோம்.

"நாப்பது பேரு பேரையும் எழுதுவீங்களா சார்?" முதலாளி குரலில் மரியாதை குறையவில்லை. கதவை மறித்தாற்போல யாரோ வந்து நின்றார்கள்.

காகிதத்தைத் திரும்ப வாங்கினேன். என் பெயருக்குக் கீழே துரைசாமி என்று எழுதினேன். அதற்குக் கீழே சரோஜா. நான்காவது பெயர் என்ன என்று கேட்டேன்.

பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்திருந்தேன்.

பிறகு ஓவர்லாக் தையல் மெஷின் வரிசையிலிருந்து ஒரு பெண் தன் பெயரைச் சொன்னார்.