குளித்துக்கொண்டே இருக்கும் அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நான் இங்கே நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளந்து, பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று கணக்குப் போடுகிறோம் அல்லவா? விடை முன்பே தெரிந்தால் நமக்குப் பிடித்த பக்கம் கணக்கை வளைத்துவிடுவோம். அதனால் கம்ப்யூட்டர் ஒரு ரகசிய எண்ணைக் கலந்து விடையை மறைத்து வைக்கும். வேலை முடிந்த பிறகுதான் திறப்போம்.

பக்கத்து மேஜைக்காரர் கொஞ்ச நாளாகத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாக விடையைப் பார்த்துவிட்டாரோ, எல்லோர் உழைப்பும் வீண்தானோ என்று எனக்குச் சந்தேகம். நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஐயோ, விடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரி உண்டாயிருக்கா. இப்போதைக்கு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

அசடு வழிந்தேன். ஆனாலும் பார், அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தது தப்பில்லை.

அதனால் உன்னையும் கேட்கிறேன். எப்போது போன் செய்தாலும் "அப்பா குளிக்கிறாரு" என்கிறாய். காக்காய்க் குளியல் போடுகிற மனுஷர் அப்படி என்னதான் குளிக்கிறார்? தம்பியும் அதையே ஒப்பிக்கிறான்.

இங்கே குளிர் அதிகம். என் நீலப் போர்வையை அனுப்பு. பார்சல் மேல் விலாசத்தை அப்பா தன் கையால் எழுதட்டும். உன் கையெழுத்தில் வந்தால் அதைப் பிரிக்கக்கூட மாட்டேன், அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

"சந்தேகப் பிராணி" என்று நீ திட்டும்
உன் மகள்